வெறும் வண்டியின் எடை

ஆலை வாசலில் எடைப்பாலம் பார்ப்பவள் நான்.
செம்பனைக் குலையோடு வரும் லோரியை
ஒருமுறை,
குலை இறக்கிப் போகும் லோரியை
மறுமுறை நிறுப்பேன்.
முன்னதில் பின்னதைக் கழித்து வருவதற்குத்தான்
காசு.
வெறும் வண்டிக்கு யாரும் எதுவும் தருவதில்லை.

பாகாவ் கடைத்தெருவில்
டயர்க்கடைக்கு மேல்மாடியில்
சனிக்கிழமை தோறும் மண் வகுப்பு.
மாதம் நாற்பது வெள்ளி.
சூளைக்குத் தனியாக, கிலோக் கணக்கில்.
கிலோ என்றதும்தான் எனக்குத் தைரியம் வந்தது.

முதல் நாள் ஐந்நூறு கிராம் மண்ணைக்
கண்ணால் பார்த்தே கிள்ளி வைத்தேன்.
ஐந்நூற்று நான்கு என்றது தராசு.
மூய் ஃபோங் புருவம் தூக்கினாள்.
அன்று நான் சரியாகச் செய்தது
அது ஒன்றுதான்.

சக்கரத்தில் மண் நடுவுக்கு வராமல்
முரண்டு பிடித்தது.
அழுத்தினால் ஒரு பக்கம் துள்ளும்,
விட்டால் மறுபக்கம் தொங்கும்.
பக்கத்துச் சக்கரத்தில் மோட்டார் பட்டறை சுல்ஹில்மி
பேரிங் மாற்றிய கையோடு வந்து
ஒரே மூச்சில் நடுவைப் பிடித்தான்.
எனக்கு ஆறு சனிக்கிழமை.
ஏழாவதில்,
முழங்கையைத் தொடையில் ஊன்றியிருந்தபோது
கைக்குள் ஏதோ நின்றது.
சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது,
மண் மட்டும் சுற்றாதது போல.
வாயைத் திறந்து சொல்லப் போனேன்.
சொல்லும்போதே போய்விட்டது.

பிறகு கிண்ணங்கள்.
ஒன்று நாய்க்குட்டிக்கு ஆகும் என்றாள் தவமலர்.
ஒன்று, கவிழ்த்து வைத்தால் தொப்பி.
வீட்டில் மகன் அதில் மோட்டார் சாவியைப் போட்டு
"கடையில வாங்கினா ரெண்டு வெள்ளிம்மா" என்றான்.
கேலிக்குத்தான்.
இருந்தாலும் ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்.
மழை விடவில்லை, எதுவும் காயவில்லை.
"இன்னும் ஒரு வாரம் வை" என்றாள் மூய் ஃபோங்.
குடுவையைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்றது.
உள்ளே ஈரம் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.
தெரிந்தேதான் சூளையில் ஏற்றினேன்.

வெடித்தது.
என்னுடையது மட்டும் என்றால் போகட்டும்.
சுல்ஹில்மியின் குவளைகள் நான்கு.
தவமலர் மூன்று மாதம் செதுக்கிய
ஐந்து முக விளக்கு.

மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்டேன்.
யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
விளக்கின் ஒரு முகத்தை மட்டும்
கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனாள் தவமலர்.
அடுத்த சனி அவள் வரவில்லை.
அதற்கடுத்ததும்.

மிச்சத்தை இரும்புலக்கையோடு
என் முன் வைத்தாள் மூய் ஃபோங்.
"இடி."
இடித்தேன். சலித்தேன்.
புது மண்ணில் பத்துக்கு ஒன்றாகச் சேர்த்துப் பிசைந்தேன்.
சுட்ட பொடி கலந்த மண்
ஈரத்தை வெளியே விடுமாம், லேசில் வெடிக்காதாம்.
உள்ளங்கையை அராவியது அது.
யார் குவளை, யார் விளக்கு,
என் அவசரம் எது என்று
பிரிக்க முடியாத நறநறப்பு.

ஆலைக் கொதிகலன் சாம்பல் ஒரு மூட்டை
கேட்டதும் தந்தார்கள், கொட்ட இடமில்லாமல்.
சாம்பல் மூன்று பங்கு, வெள்ளை மண் இரண்டு என்று
நோட்டில் எழுதி எழுதிப் பூசினேன்.
முதல்தரம் கருவாட்டு நிறம்.
இரண்டாந்தரம் வழிந்து, தட்டோடு ஒட்டி,
உளியால் பெயர்க்க வேண்டியதாயிற்று.
ஒன்பதாந்தரம்,
வெட்டிய மட்டையின் உள்பக்கம் இருக்குமே,
அந்தப் பச்சை.
"இத எப்படிச் செஞ்ச?" என்று
தன் நோட்டைத் திறந்தாள் மூய் ஃபோங்.

மார்ச்சில் தவமலர் வந்தாள்.
எதுவும் சொல்லாமல் அந்தக் கலவை மண்ணில்
ஒரு பிடி கிள்ளினாள்.
எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.

இரவு ஷிப்ட். லோரி இல்லாத நேரம்.
பச்சைக் குவளையை எடைப்பாலத்தின் நடுவில் வைத்துவிட்டு
ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கணக்கில்லை.
காவலுக்கிருந்த நேப்பாளிப் பையன் சிரித்தான்.
போய் எடுத்து வந்து
தே ஓ ஊற்றினேன்.
உள்ளே இருந்த காலி இடம்
விளிம்புவரை வாங்கிக்கொண்டது.